டைவ் கம்ப்யூட்டர் "எல்லாம் சரி" என்றது, மூன்று மணி நேரம் கழித்துத் தோள் வலிக்கிறது. குமிழியா, தசைப்பிடிப்பா?

அரைமூழ்கி | மாலை 6.40

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்று இரண்டு டைவ். முதலாவதில் 28 மீட்டர் வரை போய்ப் படிப்படியாக மேலேறி மொத்தம் 32 நிமிடம். ஒரு மணி நேரம் படகில் உட்கார்ந்துவிட்டு இரண்டாவது, 18 மீட்டரில் 38 நிமிடம். கையில் கட்டிய கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட டீகம்ப்ரெஷன் ஸ்டாப், அதாவது கரைந்த வாயு வெளியேற வழியில் நிற்கும் நிறுத்தம், கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டுத்தான் வந்தேன். அந்தக் கடைசி 5 மீட்டரை மட்டும் கொஞ்சம் அவசரமாக ஏறிவிட்டேன், ஒரு பீப் அடித்தது, அவ்வளவுதான்.

தண்ணீரைவிட்டு வந்தது மதியம் ஒன்றரைக்கு. நாலரை மணிவாக்கில் இடது தோளுக்குள் ஒரு வலி ஆரம்பித்தது. இந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை, அழுத்தினாலும் கையைச் சுழற்றினாலும் கூடவும் இல்லை குறையவும் இல்லை, பல்வலி மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதோடு அடித்துப் போட்ட மாதிரி அசதி. கூட வந்தவர்கள் "சிலிண்டர் தூக்கினாயே, அதுதான்" என்கிறார்கள். தூக்கினது உண்மை, ஆனால் வலது கையால்.

நாளை காலை ஆறரைக்கு விமானம்.

கேள்வி இரண்டு. எல்லாக் கணக்குக்குள்ளும் இருந்தும் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாக வருமா? அப்புறம், எல்லோரும் சொல்கிற சோடா பாட்டில் உதாரணம் எனக்கு ஒட்டவில்லை. ரத்தம் சோடா மாதிரி நுரைக்கும் என்றால் உடம்பு முழுக்க அல்லவா வலிக்க வேண்டும்? ஏன் ஒரு தோள் மட்டும்?

கரைக்காற்று | மாலை 6.52

குமிழி வந்த டைவர்களுக்கு அழுத்தம் ஏற்றிச் சிகிச்சை தரும் அழுத்த அறையில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தவள். விளக்கம் அப்புறம், முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

டைவ் மையத்தில் ஆக்சிஜன் கிட் இருக்கும், இருக்க வேண்டும். நன்றாகப் பொருந்தும் மாஸ்க்கோடு 100 சதவீத ஆக்சிஜன், இப்போதே. படுத்துக்கொள்ளுங்கள், தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தும் பழைய முறை வேண்டாம், சாதாரணமாக மல்லாந்து படுத்தால் போதும். நினைவு தெளிவாக இருக்கிறது, வாந்தி இல்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். மது வேண்டாம். வலி மாத்திரையும் இப்போது வேண்டாம், வலியை மறைத்துவிட்டால் எங்களுக்கு வழிகாட்ட ஒன்றும் இருக்காது. டைவிங் அவசர உதவி எண்ணுக்குப் போன் போட்டு டைவ் விவரம், வலி தொடங்கிய நேரம் எல்லாம் சொல்லுங்கள், பக்கத்தில் எந்த அறை இயங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரைக் கையோடு கொண்டு போங்கள்.

இன்னும் சில கேள்விகள். கைகாலில் எங்காவது எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதா, மரத்திருக்கிறதா? வயிற்றிலோ மார்பிலோ பளிங்குக் கல் ரேகை மாதிரி ஊதாத் திட்டு உண்டா? சிறுநீர் தடையில்லாமல் போகிறதா? ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரலோடு ஒட்டி வைத்துக் கண்ணை மூடி நிற்க முடிகிறதா, பக்கத்தில் யாராவது இருக்கும்போது பாருங்கள். இதில் ஒன்று தடுமாறினாலும் கதை தோளோடு நிற்கவில்லை என்று அர்த்தம்.

விமானத்தை மறந்துவிடுங்கள். அறிகுறியே இல்லாதவருக்கே, ஒரு நாளில் இரண்டு டைவ் போட்டால் குறைந்தது 18 மணி நேரம் என்பதுதான் வழக்கமான அறிவுரை. உங்களுக்கு 17தான் ஆகிறது, வலியும் இருக்கிறது.

பழம்பாசி | இரவு 7.05

ஒருவர் தோள் வலி என்றதும் அழுத்த அறை வரைக்கும் போய்விட்டீர்கள். 400 டைவ்க்கு மேல் போட்டவன் சொல்கிறேன், கம்ப்யூட்டர் ஸ்டாப் கேட்கவில்லை என்றால் பெண்ட்ஸ், அதாவது இந்தக் குமிழி நோய், இல்லை, அதற்குத்தானே அதைக் கட்டிக்கொண்டு போகிறோம். வெந்நீரில் நன்றாகக் குளித்து, ஒரு மாத்திரை போட்டுத் தூங்கட்டும், காலையில் போய்விடும். அவ்வளவு சந்தேகமாக இருந்தால் மறுபடி 10 மீட்டர் இறங்கி அரை மணி நேரம் இருந்துவிட்டு மெதுவாக வந்தால் தீர்ந்தது, அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

ஹென்றிதாசன் | இரவு 7.31

பழம்பாசி அண்ணா, அந்தக் கம்ப்யூட்டர் யாருடைய உடம்பைக் கணக்குப் போடுகிறது என்று நினைக்கிறீர்கள்? கட்டியிருக்கிறவர் உடம்பை இல்லை. அதற்குத் தெரிந்தது ஆழமும் நேரமும், சிலதில் கூடவே தண்ணீரின் வெப்பமும், அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் உடலியல் ஆய்வாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-இல் வெளியிட்ட, எப்படி மேலேற வேண்டும் என்ற அட்டவணைதான் இதற்கெல்லாம் ஆதி. ஆடுகளை அழுத்த அறையில் வைத்து, அழுத்தத்தை விதவிதமான வேகத்தில் இறக்கிப் பார்த்தார். உடம்பை வேகமாக வாயு ஏற்றி இறக்கும் பகுதி, மந்தமான பகுதி என்று ஐந்தாகப் பிரித்தார், பாதி நிரம்ப 5 நிமிடம் எடுப்பதிலிருந்து 75 நிமிடம் எடுப்பது வரை. இன்று பல கம்ப்யூட்டர்களுக்குள் ஓடும் பூல்மன் கணக்கில் 16 பகுதிகள், மிக மந்தமானதற்கு 635 நிமிடம். இந்தப் பதினாறில் எதுவும் தோளும் இல்லை, முழங்காலும் இல்லை, காகிதத்தில் மட்டும் இருக்கிற பாத்திரங்கள். கணக்குக்குள் இருந்தால் ஆபத்து குறைவு. குறைவு என்பதும் இல்லை என்பதும் வேறு. அந்த ஆடுகளில் பெண்ட்ஸ் வந்தவை என்ன செய்யும் தெரியுமா, ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். எல்லாக் காலையும் இல்லை, ஒன்றை. அரைமூழ்கியின் ஒற்றைத் தோளுக்கு நூறு வருடத்துக்கு முந்தைய சாட்சி.

சோடா உதாரணத்துக்கு வருவோம். கடலில் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 28 மீட்டரில் மொத்தம் 3.8. சுவாசிக்கிற காற்றில் நைட்ரஜனின் பங்கு கரையில் 0.79 ஆக இருந்தது அங்கே 3 ஆகிறது. ஹென்றி விதிப்படி அழுத்தம் எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு வாயு கரையும், நேரம் கொடுத்தால். ஆக்சிஜனை உடம்பு எரித்துவிடும், நைட்ரஜனை எதுவும் செய்யத் தெரியாது, வந்த வழியே நுரையீரல் வழியாகத்தான் போக வேண்டும். இதுவரை சோடா சரி.

ஆனால் சோடாவைத் திறந்து கண்ணாடி டம்ளரைப் பாருங்கள், குமிழி எங்கே பார்த்தாலும் வருவதில்லை, கீறலோ தூசியோ இருக்கும் சில புள்ளிகளிலிருந்து மட்டும் சரம் சரமாக எழும். மிகச் சுத்தமான தண்ணீரில் நூறு வளிமண்டலத்துக்கும் மேல் வாயுவை ஏற்றிவிட்டு அழுத்தத்தைத் திறந்தால்கூடக் குமிழி பிறக்காமல் இருக்கும். நம் உடம்பிலோ அதில் சின்னப் பங்குக்கே பிறந்துவிடுகிறது. அதாவது குமிழி ஒன்றுமில்லாததிலிருந்து வரவில்லை, கண்ணுக்குத் தெரியாத வாயுப் பொடிகள் ஏற்கெனவே அங்கங்கே ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, மேலே வரும்போது அவை ஊதிப் பெருக்கின்றன. எல்லா இடத்திலும் இல்லாமல் ஓர் இடத்தில் வருவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று ரத்த ஓட்டம். தசைநாரும் மூட்டைச் சுற்றியுள்ள திசுவும் ரத்தம் குறைவாகப் போகும் இடங்கள், வாயுவை மெதுவாக வாங்கி மெதுவாகவே கொடுக்கும். நீங்கள் மேலே வந்த பிறகும் அங்கே சரக்கு தேங்கி நிற்கும். கொழுப்பில் நைட்ரஜன் தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு கரையும், தண்டுவடத்தின் நரம்புறையில் கொழுப்பு அதிகம், அங்கே குமிழி வந்தால் சிறுநீர் தடைப்படலாம், அதனால்தான் கரைக்காற்று அக்கா சிறுநீரைப் பற்றிக் கேட்கிறார்.

ரத்தத்திலும் குமிழி வரும், ஆனால் பெரும்பாலும் சிரைகளில். டாப்ளர் கருவியை மார்பில் வைத்துக் கேட்டால், எந்தத் தொந்தரவும் இல்லாத டைவர்களிடமே அவை ஓடும் சத்தம் கேட்கும். நுரையீரல் அவற்றைச் சல்லடை மாதிரி பிடித்து வெளியேற்றிவிடுகிறது. சிக்கல் எப்போது? சல்லடை தாங்காத அளவு வந்தால், இல்லை, சல்லடையைச் சுற்றிக்கொண்டு போக வழி இருந்தால். பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கு நடுவே, கருவில் இருந்தபோது திறந்திருந்த சின்னக் கதவு முழுக்க ஒட்டாமல் இருக்கிறது. அந்த வழியாகக் குமிழி தமனிக்குத் தாவினால் மூளைக்கும் உள்காதுக்கும் போகலாம். இது வெறும் குழாய் அடைப்பும் இல்லை, குமிழியின் மேற்பரப்பை ரத்தம் அந்நியப் பொருளாகப் பார்க்கிறது, தட்டணுக்கள் ஒட்டுகின்றன, ரத்தக் குழாயின் உள்தோல் காயப்படுகிறது, நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறது. குமிழி கரைந்த பிறகும் அந்தச் சண்டை ஓயாது, நேரம் போகப் போகச் சிகிச்சை கடினமாவது இதனால்தான்.

வெந்நீர் யோசனையை தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். சூடேறினால் திரவத்தில் வாயு கரைந்திருக்கும் திறன் குறையும், குமிழிக்கு நாமே கதவைத் திறந்துவிடுவது அது.

அரைமூழ்கி | இரவு 7.40

ஆக்சிஜன் போட்டு இருபது நிமிடம் ஆகிறது. வலி பாதியாகிவிட்டது! சிறுநீர் போகிறது, நிற்க முடிகிறது, கொஞ்சம் ஆடுகிறது ஆனால் களைப்பாக இருக்கலாம். அப்படியென்றால் சரியாகிவிட்டதா? போன் போட்டேன், அறை இரண்டு மணி நேரப் பயணம், வரச் சொல்கிறார்கள். ராத்திரியில் எல்லோரையும் அலைக்கழிக்க வேண்டுமா என்று யோசனை.

கரைக்காற்று | இரவு 7.44

கிளம்புங்கள். ஆக்சிஜன் போட்டதும் குறைகிறது என்பதே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டுகிறது, தசைப்பிடிப்பு மாஸ்க் போட்டால் போகாது. மாஸ்க்கைக் கழற்றியதும் திரும்பி வருவதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். வழியெல்லாம் மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும். சாலை மலை மேல் ஏறி இறங்குமா என்று கேளுங்கள், வேறு பாதை இருந்தால் அதில் போங்கள், உயரம் ஏறினால் விமானத்தில் ஏறுவது மாதிரிதான். நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது.

"எல்லோரையும் அலைக்கழிக்க வேண்டுமா" என்ற அந்த வரி இருக்கிறதே, எங்கள் அறைக்கு இரண்டு நாள் தாமதமாக வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் சொன்ன வரி அது.

பழம்பாசிக்கு ஒரு வார்த்தை. தண்ணீருக்குள் திரும்ப இறங்குவது பற்றி. காற்று சிலிண்டரோடு இறங்கினால் குமிழி சுருங்கும், கூடவே புதிதாக நைட்ரஜனும் ஏறும். குளிர், இருட்டு, கால் மரத்துப் போகிற வாய்ப்புள்ள ஆள், அவரைத் தண்ணீருக்குள் அனுப்புவது. பயிற்சியும் ஆக்சிஜனும் முழு முகக் கவசமும் கூட்டாளிகளும் உள்ள குழுக்கள் வேறு வழியே இல்லாத தொலைதூர இடத்தில் செய்வது வேறு, இது வேறு.

சும்மாபார்ப்பவன் | இரவு 8.20

அவர் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும். நடுவில் ஒரு கிளைக் கேள்வி, டைவிங்குக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. விண்வெளியில் உடை கிழிந்தால் ரத்தம் கொதிக்கும் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? அப்புறம் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி மூழ்குகிறவர்களுக்கு இது வராதா?

ஹென்றிதாசன் | இரவு 8.58

ஒன்றில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள். டைவரிடம் வெளியே வருவது கரைந்திருந்த நைட்ரஜன். சுமார் 19 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் வெளி அழுத்தம் எவ்வளவு குறைந்துவிடுகிறது என்றால், 37 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும். அங்கே குமிழிக்குள் இருப்பது நீராவி. குழாய்க்குள் இருக்கும் ரத்தம் அதன் சொந்த அழுத்தத்தால் உடனே கொதிக்காது, வாய், கண் ஈரம், தோலுக்கடியிலுள்ள திசு முதலில் மாட்டும். 1966-இல் நாசாவின் வெற்றிட அறையில் ஜிம் லெப்ளாங்க் என்பவரின் சோதனை உடையில் குழாய் கழன்றுவிட்டது, பதினைந்து நொடிக்குள் மயங்கிவிட்டார். கடைசியாக அவருக்கு நினைவிருந்தது நாக்கின் மேல் எச்சில் கொப்பளித்தது. உடனே அழுத்தத்தை ஏற்றியதால் பிழைத்தார்.

விண்வெளி வீரர்களுக்கு நம் டைவர் பிரச்சினையும் உண்டு. நிலையத்துக்குள் கரையில் உள்ள அதே அழுத்தம், வெளியே நடக்கும் உடைக்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியே உடையை மாட்டிக்கொண்டு வெளியேறினால் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்த கதைதான். அதனால் முன்கூட்டியே சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனைக் கழுவிவிட்டுப் போகிறார்கள்.

மூச்சடக்கி மூழ்குகிறவர் ஒரே ஒரு மூச்சு நைட்ரஜனைத்தான் எடுத்துப் போகிறார், ஓரிரு முறை என்றால் பயமில்லை. ஆனால் ஆழமாக, இடைவெளி இல்லாமல், நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப மூழ்கினால் சேரும். பசிபிக்கில் துவாமோட்டு தீவுகளின் முத்துக்குளிப்பவர்களிடம் தலைசுற்றல், பக்கவாதம், சாவு என்று இது இருந்தது. அவர்கள் மொழியில் அதற்குத் தாரவானா என்று பெயரே உண்டு.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக்கொண்டு மேலே வரும்போது மூச்சைப் பிடித்தால் நுரையீரல் கிழிந்து காற்று நேரடியாகத் தமனிக்குள் போகும். அதற்கு ஆழமும் வேண்டாம் நேரமும் வேண்டாம், நீச்சல் குளத்து ஆழமே போதும், மேலே வந்த சில நிமிடத்துக்குள் ஆள் விழுந்துவிடுவார். அரைமூழ்கிக்கு மூன்று மணி நேரம் கழித்து வந்ததால் அது இல்லை.

அரைமூழ்கி | மறுநாள் காலை 11.15

வந்துவிட்டேன். விமானம் போய்விட்டது, நான் இருக்கிறேன்.

மருத்துவர் அரை மணி நேரம் ஊசியும் பஞ்சும் சுத்தியலும் வைத்து உடம்பு முழுக்கப் பரிசோதித்தார். இடது முழங்கைக்குக் கீழே உள்பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி மந்தமாக இருந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை! தோள் வலி என்ற ஒன்றிலேயே மனசு இருந்ததால் கவனிக்கவில்லை போல. அதனால் வெறும் மூட்டு வலிக் கணக்கில் எடுக்காமல் நரம்புக் கணக்கில் எடுத்தார்கள்.

18 மீட்டர் ஆழத்துக்குச் சமமாக, 2.8 வளிமண்டலம். நடுநடுவே ஐந்து நிமிடம் காற்று, மற்ற நேரம் சுத்த ஆக்சிஜன், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் உள்ளே. அழுத்தம் ஏறும்போது காது அடைத்துத் திறந்தது, அறை சூடானது, கீழே சேர்ந்த பத்து நிமிடத்தில் வலி போய்விட்டது, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி. இவ்வளவுதானா, வெளியே விடுங்கள் என்று கேட்டேன். உள்ளே கூட இருந்தவர் சிரித்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னார், அது பிடித்திருந்தது. 2.8 மடங்கு அழுத்தத்தில் குமிழியின் கன அளவு சுமார் 36 சதவீதமாகச் சுருங்கும், ஆனால் விட்டம் 71 சதவீதம் வரைதான் வரும். அதாவது குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. நசுக்குவது பாதி வேலை, மீதியை ஆக்சிஜன்தான் செய்கிறது, மூச்சில் நைட்ரஜனே இல்லாததால் குமிழிக்குள் இருப்பது ரத்தத்துக்கும், ரத்தத்தில் இருப்பது நுரையீரலுக்கும் வழிந்துகொண்டே இருக்கும், அதற்குத்தான் அந்த ஐந்து மணி நேரம்.

கை உணர்ச்சி திரும்பிவிட்டது. இன்று மாலை மறுபடி ஒரு சின்னச் சுற்று இருக்கிறது. அதன் பிறகு சில வாரம் டைவ் கிடையாது, இதயத்தில் அந்தக் கதவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார். முதல் டைவுக்கு முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை, காலையில் தண்ணீரே குடிக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டேன். அதெல்லாம் கம்ப்யூட்டருக்கு எங்கே தெரியும்.

கரைக்காற்று அக்கா, ஹென்றிதாசன், நன்றி என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது.

பழம்பாசி | மறுநாள் பகல் 12.02

தம்பி, நேற்று நான் எழுதியதை நீக்கவில்லை, இருக்கட்டும், நாலு பேர் பார்த்துத் திட்டட்டும்.

சொல்லலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரே வாரத்தில் பதினைந்து டைவ், கடைசி நாள் இரவு வலது தோள் இதே மாதிரி, பல்வலி மாதிரி. வெந்நீர்தான் ஊற்றினேன், நாலு நாளில் போய்விட்டது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் நேற்று அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்.

கரைக்காற்று | மறுநாள் பகல் 12.10

போனது அப்படியே போய்விட்டதா, இல்லை அந்தத் தோள் இப்போது இடையிடையே வலிக்கிறதா?

பழம்பாசி | மறுநாள் பகல் 12.31

கையைத் தலைக்கு மேல் தூக்கினால் கொஞ்சம். வயசு என்று விட்டுவிட்டேன்.

கரைக்காற்று | மறுநாள் பகல் 12.34

வயசாகவும் இருக்கலாம். ஆனால் அழுத்த மாற்றத்தில் தோள் மூட்டில் மேல்கை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் தடைப்பட்டு, எலும்பு உள்ளே செத்துப்போவது உண்டு, மாதங்கள் கழித்துத்தான் வலி தெரியும், இடுப்பிலும் வரும். அழுத்தக் காற்று நிரப்பிய அறைக்குள் இருந்து பாலத்துக்கு அடித்தளம் தோண்டியவர்களிடமும் தொழில்முறை டைவர்களிடமும் நிறையப் பார்த்தது, பொழுதுபோக்குக்கு மூழ்குகிறவர்களுக்கு அபூர்வம். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாது, எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும் வரை தண்ணீரில் இறங்காதீர்கள் அண்ணா, வெந்நீரிலும்தான்.